பூட்டுக்குள் ஒரு பாட்டு

நம் ஊர்க் கோயில் சுவர்களில் உள்ள சாஸனங்களைப் படித்தவர்களுக்கு அவற்றின் கடைசி வரிகள் நினைவிருக்கும். இன்ன நிலத்தை இன்ன விளக்குக்கு எழுதி வைத்தோம் என்று கணக்குப்பிள்ளை மாதிரி வேலி, மா, காணி என்று அளந்துகொண்டு வந்த கல், முடிவுக்கு வந்ததும் திடீரென்று குரலை மாற்றிக்கொள்ளும். இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று மிரட்டும். காப்பாற்றுகிறவனுடைய பாதம் என் தலைமேல் என்று கெஞ்சும். ஓம்படைக்கிளவி என்று இதற்குப் பெயர். அரசனுடைய காவலாட்கள் எந்நாளும் சுவரருகே நின்றுகொண்டிருக்க முடியாது என்று தெரிந்தவர்கள் எழுதிய வரிகள் அவை.

அமெரிக்காவில் கூப்பர்டினோ என்ற ஊரிலுள்ள ஆப்பிள் கம்பெனியாரும் அப்படி ஒன்று எழுதினார்கள். கல்லில் அல்ல. தங்கள் மேக் கம்ப்யூட்டரை நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே, சாதாரணமாக உபயோகிக்கிறவர்கள் கண்ணில் ஒருநாளும் படாத ஓர் இடத்தில் எழுதி வைத்தார்கள். 2006ஆம் ஆண்டு அது வெளியே தெரிந்தது. லிமெரிக் என்று ஆங்கிலத்தில் சொல்லுகிற ஐந்தடி வேடிக்கைப் பாட்டு. தன் யந்திரத்திலுள்ள சிஸ்டம் சரியில்லை என்று முணுமுணுக்கிற ஒருவன் வேறு நல்லதாகப் பார்த்துத் திருட நினைக்கிறான். அவனுடைய யந்திரமே மாட்டேன் என்று சொல்லிவிடுகிறது. இவ்வளவுதான் கதை. பாட்டு முடிந்ததும் திருடாதே, அது அழகல்ல என்கிற தோரணையில் வசனத்தில் ஒரு வேண்டுகோள். அதன் கீழே காப்புரிமைக் குறி. பாட்டுக்கு மேலே, இன்றைக்கு உன் கர்மக் கணக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற மாதிரி ஒரு வரி. கர்மம் என்ற நம்முடைய வார்த்தையையே போட்டிருக்கிறார்கள். காராம்பசு ஒன்றுதான் பாக்கி. மற்றபடி சோழநாட்டுக் கல்லெழுத்துக்காரரும் கலிபோர்னியாக் கம்பெனிக்காரரும் ஒரே யுக்தியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

விஷயம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் என்கிற பெட்டி வேறு. அதை நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு. மைக்ரோசாப்டின் விண்டோஸ் யார் செய்த பெட்டியிலும் குடியேறும். லினக்ஸும் அப்படியே. மேக் சிஸ்டம் மட்டும் ஆப்பிள் விற்கிற பெட்டியில்தான் குடியிருக்க வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. நடுவில் 1995 முதல் இரண்டு வருஷம் வெளியார் சிலருக்கு உரிமம் கொடுத்துப் பார்த்தார்கள். 1997ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் அதை நிறுத்திவிட்டார். 2006 ஜனவரியில் இன்டெல் பிராஸஸர் வைத்த மேக்குகள் விற்பனைக்கு வந்தன. மற்றவர்கள் பெட்டியில் இருக்கிற அதே வம்சத்துச் சில்லு. சில்லு ஒன்றாகிவிட்டால் சம்பந்தம் செய்துகொள்ள என்ன தடை என்று உலகமெங்கும் இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். மதர்போர்டு, மெமரி, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என்று கடைத்தெருவில் தனித்தனியாக வாங்கித் தாங்களே பூட்டிய பெட்டியில் மேக் சிஸ்டத்தை ஏற்றினார்கள். அந்தக் கலப்புக்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்காக எழுதியதுதான் அந்தப் பாட்டு.

ஆனால் பாட்டு வாசலில் தொங்குகிற பலகை மாதிரிதான். பூட்டு வேறு. சிஸ்டத்தின் முக்கியமான சில பகுதிகள் (ஃபைல்களைக் காட்டுகிற ஃபைண்டர், அடியில் வரிசையாகப் படங்கள் நிற்கிற டாக், உள்ளே நுழைகிற முதல் திரை) மறைமொழியில் எழுதப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்கிற சாவி ஒவ்வொரு இன்டெல் மேக்கிலும் உள்ள ஒரு சின்னச் சில்லில் இருந்தது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், பெட்டி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கவனிக்கிற சில்லு. அந்தச் சாவி என்ன தெரியுமா? 64 எழுத்து கொண்ட ஓர் ஆங்கில வாக்கியம். இடைவெளி இல்லாமல், 32, 32 ஆக இரண்டு துண்டாக வைத்திருந்தார்கள். எல்லா யந்திரத்திலும் ஒரே வாக்கியம். உழைப்பைச் சொல்லுகிறது, சொல்லையே காவலாக வைத்திருப்பதைச் சொல்லுகிறது, தயவு செய்து திருடாதே என்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கதவைத் திறக்கிற நிரலுக்கும் மேக் சிஸ்டத்தைத் திருடாதே என்றுதான் பெயர். ஆங்கில இலக்கணப்படி அந்தப் பெயரில் இருக்க வேண்டிய கால்குறியைக்கூட விட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டு எழுத்துக்களையும் எழுத்து என்ற முறையிலேயே பார்க்க எனக்கு ஆசை. ஐந்தடிப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. தாளம் நொண்டுகிறது என்பது ஒரு புறமிருக்கட்டும். வேடிக்கைப் பாட்டில் அது பெரிய குற்றமில்லை. குரல்தான் சரியில்லை. தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற மானேஜரின் குரல். சிரிக்கிறவருக்குப் பின்னால் வக்கீல் நிற்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கல்லில் சாபம் எழுதியவனுக்கு வக்கீல் இல்லை. ஆகையால் அவன் சாபத்தில் பயம் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. 64 எழுத்து வாக்கியம் அப்படியல்ல. அதில் சிரிப்பு இல்லை. யாரோ ஓர் என்ஜினீயர் இரவு வெகு நேரம் வேலை செய்து களைத்து எழுதியது மாதிரி இருக்கிறது. நல்ல வரி என்றே சொல்லுவேன்.

அதோடு, அந்த வரிக்கு நேர்ந்த கதி எந்தக் கதாசிரியனும் சுலபமாகக் கற்பனை செய்யக்கூடியதல்ல. ஹேக்கின்டாஷ்காரர்கள் அந்தச் சின்னச் சில்லைப் போல நடிக்கிற ஒரு நிரலை எழுதினார்கள். சிஸ்டம் சாவியைக் கேட்கும்போது நிரல் அந்த 64 எழுத்தையும் ஒப்பிக்கும். உடனே கதவு திறக்கும். அலிபாபாவின் குகைக்கு ஏதோ அர்த்தமில்லாத மந்திரம். இங்கேயோ, திருடாதே என்று வாய்விட்டுச் சொன்னால்தான் உள்ளே போகலாம். இருபது வருஷமாக எத்தனையோ பெட்டிகள் ஒவ்வொரு முறை விழித்துக்கொள்ளும்போதும் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஓர் ஒலிப்பதிவுக்காரர் இருக்கிறார். முப்பது வயது. குறும்படங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் ஒலி சேர்க்கிற வேலை. லாஜிக் என்ற ஆப்பிள் மென்பொருள் அவருக்குக் கை மாதிரி. அது விண்டோஸிலோ லினக்ஸிலோ ஓடாது. அவருக்கு வேண்டிய சக்தியுள்ள மேக்கின் விலை அவருடைய ஒரு வருஷச் சம்பாத்தியத்துக்குச் சமம். பெட்டியைத் தாமே பூட்டினார். அவர் வீட்டுக்கு நான் போயிருந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றன. அவர் மூச்சும் நின்றது.

"ரெண்டு நாளா இங்கேயேதான் சார் நிக்குது," என்றார்.

எதனால் நின்றது என்று பிறகு கண்டுபிடித்தார். பெயரால். ஒவ்வொரு மதர்போர்டும் தன்னிடமுள்ள உறுப்புகளுக்குப் பெயர் போட்டு ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது. 2019ல் வந்த கேட்டலீனா பதிப்பிலிருந்து, அந்த ஜாபிதாவில் இ.சி. என்ற பெயரில் ஓர் உறுப்பு இருந்தே தீர வேண்டும்; இல்லாவிட்டால் மேக் சிஸ்டம் வாசலிலேயே நின்றுவிடும். அவருடைய போர்டில் அந்த உறுப்புக்கு வேறு பெயர். இ.சி. என்ற பெயரில் ஒரு பொய் உறுப்பை ஜாபிதாவில் சேர்த்தவுடன் யந்திரம் சமாதானமடைந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை, பெயர்ப்பலகை மாத்திரம். அது போதுமாம்.

அதற்குப் பிறகு யூ.எஸ்.பி. துளைகளின் தகராறு. ஒரு கன்ட்ரோலருக்கு 15 துளைக்கு மேல் மேக் சிஸ்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. வேகமான துளை ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணும். எந்தெந்தத் துளை வேண்டும், எது வேண்டாம் என்று பென் டிரைவை ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டு வைத்திருந்தார். அதற்கப்புறம் தூக்கம். பெட்டி தூங்கப் போனால் கும்பகர்ணன்தான். எழுப்ப முடிவதில்லை. கடைசியில் தூங்கவே விடாமல் வைத்துக்கொண்டார்.

"மற்றதெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"அசல் மேக்குக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது சார். தூங்கறது ஒண்ணுதான்," என்றார்.

இந்தப் பதில் எனக்கு ஒரு விமர்சனமாகப் பட்டது. மென்பொருளில் அக்கறை உள்ளவர்கள் தங்கள் யந்திரத்தையும் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்று ஆலன் கே என்கிற கம்ப்யூட்டர் அறிஞர் சொன்னது உண்டு. ஜாப்ஸ் 2007ல் ஐபோனை அறிமுகப்படுத்தும்போது அதை எடுத்துச் சொன்னார். ஆப்பிளின் அழகுக்கு அதுவே காரணம் என்பது அந்தக் கம்பெனியின் சித்தாந்தம். அடியார்களும் அப்படியே நம்புகிறார்கள். உருவமும் உள்ளடக்கமும் பிரிக்க முடியாதவை என்று நாம் இலக்கியத்தில் சொல்லுகிற மாதிரிதான். அது எவ்வளவு தூரம் வாஸ்தவம் என்று பார்க்க இலக்கியத்தில் வழி கிடையாது. ஒரு நல்ல கவிதையின் உள்ளடக்கத்தை எடுத்து வேறு உடம்பில் வைத்துப் பார்க்க முடிகிறதா? ஹேக்கின்டாஷ்காரர்கள் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். எழுத்துக்களின் வடிவழகு, ஜன்னல்கள் நகருகிற லாகவம், ஒலியைத் தாமதமில்லாமல் கையாளுகிற திறமை, இவையெல்லாம் நூற்றைம்பது பெட்டிகளில் ஏறினாலும் பத்திரமாக வந்துவிடுகின்றன. அவை மென்பொருளுக்கே சொந்தம். தூங்கி எழுவதும், பாட்டரி கணக்கும், வைஃபையும்தான் வழியில் காயப்படுகின்றன. சித்தாந்தம் பாதி மெய், பாதி விலைப்பட்டியல் என்பது என் அபிப்பிராயம்.

அந்த விலைப்பட்டியல் விஷயத்தில் கம்பெனியும் கொஞ்சம் குற்றவாளிதான். 2013 டிசம்பரில் வெளிவந்த உருளை வடிவ மேக் ப்ரோ பார்வைக்கு அழகாக இருந்தது; உள்ளே பல உறுப்புகளைச் சுலபமாக மாற்ற முடியாது. தொழில்காரர்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். அந்த வடிவத்தால் தாங்களே வழியடைத்துக்கொண்டுவிட்டதாக 2017ல் கம்பெனி அதிகாரிகளே சில பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டார்கள். புதியது 2019 டிசம்பரில் வந்தது. ஆரம்ப விலை 5,999 டாலர். இடையிலிருந்த ஆறு வருஷத்தில்தான் படத்தொகுப்பு, இசை என்று வயிற்றுப் பிழைப்புக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பல பேர் கையில் திருப்புளியை எடுத்தார்கள்.

திருட்டு என்கிற வார்த்தைக்கு வருகிறேன். 2009ல் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பு 29 டாலருக்குக் கிடைத்தது. காசு கொடுத்து டிஸ்கை வாங்கித் தன் பெட்டியில் போட்டவன் எதைத் திருடினான்? ஏற்கெனவே மேக் வைத்திருக்கிறவர்களுக்காக வைத்த விலை அது என்று கம்பெனி சொல்லும். அதில் நியாயம் இல்லாமலில்லை. 2013லிருந்து சிஸ்டத்துக்கு விலையே கிடையாது. பெட்டியில்தான் லாபம். ஆகவே பாட்டு திருடாதே என்று சொல்லும்போது உண்மையில் சொல்ல வருவது, என் பெட்டியை வாங்காமல் இருந்துவிடாதே என்பதுதான். அப்படிச் சொன்னால் எதுகை வராது போலிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 2005 ஜூனில் இன்டெலுக்கு மாறப்போவதை அறிவித்தபோது, ஐந்து வருஷமாகவே மேக் சிஸ்டத்தின் ஒவ்வொரு பதிப்பையும் ரகசியமாக இன்டெலிலும் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார். 2001ல் ஹவாயில் சோனி கம்பெனிக்காரர்களிடம், அவர்களுடைய வயோ கம்ப்யூட்டரிலேயே மேக் சிஸ்டத்தை ஓட்டிக் காட்டினார் என்று சோனியின் முன்னாள் தலைவர் ஆண்டோ சொன்னதாக 2014ல் ஒரு செய்தி வந்தது. முதல் ஹேக்கின்டாஷ் எங்கே பிறந்தது என்று கேட்டால் கூப்பர்டினோவில் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கலையின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஆரம்ப காலத்தில், 2006லிருந்து இரண்டு மூன்று வருஷம், சிஸ்டத்தையே வெட்டி ஒட்டித் திருத்திய பிரதிகள் உலவின. கேலிவே, ஐடெனெப் என்றெல்லாம் பெயர். யார் எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்று தெரியாது. சுலபமாக ஏறும், அடுத்த மாதம் கம்பெனி ஒரு திருத்தம் அனுப்பினால் விழுந்துவிடும். இடைச்செருகல் நிறைந்த சுவடி என்று நாம் சொல்லுவோமே, அதுதான். பிறகு வேறொரு கூட்டம் வந்தது. மூலத்தின் மேல் கை வைக்கக் கூடாது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். ஆப்பிள் பொதுவில் வெளியிட்டிருந்த ஒரு பழைய துவக்க நிரலை எடுத்துத் திருத்திக்கொண்டு, தேவையான மாற்றங்களையெல்லாம் யந்திரம் விழிக்கிற அந்தச் சில வினாடியில், வெளியிலிருந்தே சேர்த்தார்கள். அந்த முறை கமீலியன், குளோவர் என்று வளர்ந்து 2019ல் ஓப்பன்கோர் என்ற நிரலில் வந்து முடிந்தது. டிஸ்கில் சிஸ்டம் கம்பெனி கொடுத்தபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கும். திருத்தமெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன அறையில். மூலம் தனி, உரை தனி.

நம் உரையாசிரியர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஓப்பன்கோரின் கையேடு நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும், இது ஏன் வேண்டும், எந்தப் பதிப்புக்கு வேண்டும், இதை யார் தொடக்கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. மூலத்தை எழுதியவர்கள் விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார்கள்; படித்தவர்கள் எழுத்தெண்ணிப் படித்து விளக்கம் எழுதினார்கள். ஆப்பிளின் வாடிக்கைக்காரர்களில் இவ்வளவு சிரத்தையாக அந்தச் சிஸ்டத்தைப் படித்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கள்வர் என்று பாட்டில் பெயர் வாங்கியவர்கள் இவர்கள்தான். கையேட்டின் நடை வறட்டு நடை. அந்த வறட்சியில் ஒரு கண்ணியம் இருக்கிறது. தமிழில் மென்பொருளுக்கு இப்படி ஒரு கையேடு எழுதுகிறவர் கிடைத்தால் நான் காலில் விழத் தயார்.

நான் எழுதிப் பிழைக்கிறவன். என் கதை ஒன்றை என்னைக் கேட்காமலே ஒருவர் தொகுப்பில் போட்டு விற்றார். கேட்டபோது உங்களுக்கு விளம்பரந்தானே என்றார். ஆகையால் ஃபிளாரிடாவில் ஸைஸ்டார் என்ற கம்பெனிக்கு நேர்ந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. 2008 ஏப்ரலில் அவர்கள் மேக் சிஸ்டம் ஏற்றிய பெட்டிகளைக் கடை போட்டு விற்க ஆரம்பித்தார்கள். வாங்குகிறவருக்கு அசல் டிஸ்கையும் கூடவே கொடுத்தார்கள். பெட்டியில் ஏற்றியது மட்டும் தாங்கள் தயாரித்த நகல். ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் நீதிபதி ஆல்ஸப் ஆப்பிள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். சாவி இன்டர்நெட்டில் யாருக்கும் கிடைக்கிறதே என்று ஸைஸ்டார் தரப்பில் வாதம் நடந்தது. அதனால் பூட்டு பூட்டாக இல்லாமல் போய்விடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. 2011ல் அப்பீலும் தோற்றது. அந்த 64 எழுத்து வாக்கியம் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது கதவு. இலக்கிய சரித்திரத்தில் இவ்வளவு பலன் தந்த ஒற்றை வரி அபூர்வம்.

கடை போட்டு விற்கிறவன் வேறு, வீட்டில் வைத்துப் படிக்கிறவன் வேறு என்று நான் கோடு கிழிப்பேன். நாவலை நான் விற்கிற சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று எந்த ஆசிரியனும் சொல்லலாகாது. சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.

ஆனால் இந்தக் கோட்டின் மேல் எனக்கே ஓரிடத்தில் கால் தடுக்குகிறது. ஒலிப்பதிவுக்காரரின் பெட்டி தன்னை ஓர் ஐமேக் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வரிசை எண் வேண்டும். ஆப்பிளின் எண் மாதிரியே இருக்க வேண்டும்; ஆனால் நிஜமாக விற்ற எந்த மேக்கின் எண்ணாகவும் இருந்துவிடக்கூடாது. அதற்காக எண்களை உற்பத்தி செய்கிற ஒரு நிரல் இருக்கிறது. வந்த எண்ணைக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலேயே போட்டுப் பார்த்து, அப்படி ஒரு யந்திரம் கிடையாது என்று பதில் வந்தால் சந்தோஷப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவருக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். இருந்தாலும் பிறக்காத பிள்ளைக்கு ரேஷன் கார்டு வாங்குகிற காரியம் அது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி கம்பெனியின் கம்ப்யூட்டர்களிடமே போய்ச் செய்தி அனுப்பும் சேவையைக் கேட்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து படிப்பது அல்ல இது. பொய்ப் பெயரில் விருந்துக்குப் போவது. அவரிடம் இதைச் சொன்னேன். "அதான் சார் நான் அந்த மெஸேஜ் எல்லாம் போடறதில்லை. பாட்டு ரெக்கார்டிங் மட்டும்தான்," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்படியும் இந்தக் கலைக்கு ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்-1 வைத்த மேக்குகளை வெளியிட்டது. அந்தச் சில்லைக் கடைத்தெருவில் வாங்கி மதர்போர்டில் செருக முடியாது. இன்டெலில் ஓடுகிற கடைசிப் பதிப்பு டாஹோதான் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். உரை எழுதியவர்களுக்கு இனி மூலம் வராது.

போன மாதம் ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தேன். பெட்டி இன்னும் ஓடுகிறது. இரண்டு பதிப்புக்கு முன்பே நிறுத்திக்கொண்டுவிட்டாராம். சேமித்து ஒரு மேக் மினி வாங்கப் போவதாகவும், பழையதில் லினக்ஸ் போட்டுத் தங்கை பிள்ளைக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். அந்த ஐந்தடிப் பாட்டைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் படித்ததில்லை என்றார். போனில் தேடி எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சுமார்தான் சார்," என்றார்.